மெதுவாகச் சுட்டால் வெல்லம் பாதி போதும்

இந்த மாதப் பாடம்: வீட்டுச் சாப்பாட்டுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கேக்



பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆனதும் நம்ம வீட்டு அடுப்பங்கரை மூலையைப் பாருங்கள். கரும்புத் துண்டு, காய்ந்த மஞ்சள் கொத்து, அதுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. படையலுக்கும் பொங்கல் குழம்புக்கும் வாங்கியதில் மிச்சம். பாகூர் பக்கமாக இருந்தாலும் வில்லியனூர் பக்கமாக இருந்தாலும் இந்தக் கிழங்குக்கு நடப்பது ஒன்றுதான். ஒரு நாள் தண்ணீர் ஊற்றி அவித்துப் போடுவோம். பிள்ளைகள் ஒரு வாய் தின்னுட்டு, "சப்புன்னு இருக்கும்மா" என்று வைத்துவிடும். மிச்சம் மாட்டுக்குப் போகும்.

நம்ம குழுக்களில் ஊறுகாய், அப்பளம், சோப்புத்தூள், மசாலாப் பொடி என்று எத்தனையோ பயிற்சி எடுத்திருக்கிறோம். எல்லாம் விற்பதற்காகக் கற்றுக்கொண்டவை. இந்த மாதப் பாடம் விற்பதற்கு இல்லை. நம்ம வீட்டுத் தட்டுக்கு, நம்ம பிள்ளைக்கு, நமக்கு.

நான் முதலில் செய்த தப்பு

கேக் என்றால் ஓவன் வேணும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு தடவை ஒரு பயிற்சிக்குப் போனேன். சொல்லிக்கொடுத்தவர் கரண்ட் ஓவனில் வைத்து அழகாகச் செய்து காட்டினார். நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் ஏது ஓவன்? கிழங்கைத் தண்ணீரில் அவித்து, மசித்து, இனிப்பே இல்லையே என்று கால் கிலோவுக்கு மேல் வெல்லத்தைப் போட்டு, ஒரு குண்டானில் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். அடி கரிந்து போச்சு. நடுவில் கூழ். மேலே ஈரம். வெல்லமும் போச்சு, கிழங்கும் போச்சு, குண்டானைத் தேய்க்க ஒரு மணி நேரமும் போச்சு.

எங்க மாமியார் பார்த்துவிட்டுச் சொன்னாங்க: "கிழங்கைத் தண்ணியில போட்டு அவிச்சா அதோட ருசி தண்ணிக்குப் போயிடும்மா. நாங்கல்லாம் நெல்லு அவிச்ச அடுப்புல, சாம்பல்ல புதைச்சு வெச்சுட்டு வேலைக்குப் போவோம். வந்து உரிச்சா பாகு வடியும்."

"சரிங்கத்தே, கேக்கை எதுல வேக வைக்கிறது?"

"மணல்ல வையேன். கடலை வறுக்கிறவன் எதுல வறுக்கிறான்?"

இந்த ரெண்டு வார்த்தைதான் இன்றைய பாடம். கிழங்கை மெதுவாகச் சுடு. கேக்கை மணல் சூட்டில் வேகவை. ஏன் என்பதை முதலில் பார்ப்போம். காரணம் தெரிந்தால் அளவு தவறாது.

சுட்ட கிழங்கு ஏன் இனிக்கிறது?

சர்க்கரைவள்ளிக் கிழங்கில் மாவுச்சத்து நிறைய உண்டு. மாவுக்கு இனிப்பு கிடையாது. ஆனால் கிழங்குக்குள்ளேயே அந்த மாவை இனிப்பாக மாற்றும் ஒரு பொருளும் இருக்கிறது. நொதி என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் உங்க பிள்ளைகள் படித்திருப்பார்கள். பச்சைக் கிழங்கில் அது சும்மா இருக்கும். கிழங்கு நன்றாகச் சூடேறி, ஆனால் தண்ணீர் கொதிக்கும் அளவுக்குப் போகாமல் இருக்கும்போது, அதாவது சுமார் 60 முதல் 75 டிகிரி சூட்டில், அது மும்முரமாக வேலை செய்யும். மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்னும் ஒரு வகைச் சர்க்கரையாக ஆக்கும். சூடு அதற்கு மேல் ஏறினால் அதன் வேலை நின்றுவிடும்.

கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் மாவு லேசாக இனிக்கிறதல்லவா? அங்கேயும் இதே மாதிரி வேலைதான் நடக்கிறது.

கிழங்கை நறுக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சீக்கிரம் சூடேறிவிடும். இனிப்பு உண்டாக நேரம் கிடைக்காது. உண்டான கொஞ்சமும் தண்ணீரில் கரைந்து, வடித்துக் கொட்டும்போது போய்விடும். முழுக்கிழங்கைத் தோலோடு சாம்பல் சூட்டில் வைத்தால் உள்ளே மெல்ல மெல்லச் சூடேறும். அந்த நேரத்தில் கிழங்கு தானே இனிப்பைச் செய்துகொள்ளும். அதனால்தான் வெல்லம் பாதி போதும் என்கிறேன்.

கிழங்கு வாங்கும்போது

கையில் எடுத்தால் கனமாக, கெட்டியாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 150 முதல் 200 கிராம் வரை இருக்கிற நடுத்தரக் கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாக இருந்தால் ஒன்று கருகும், ஒன்று வேகாது.

தோலில் சின்னச் சின்ன ஓட்டை இருந்தால் வண்டு விழுந்த கிழங்கு. வெட்டினால் உள்ளே கறுப்புக் கோடு ஓடும், கசக்கும். அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாது. வண்டோ பூசணமோ தாக்கினால் கிழங்கு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உண்டாக்கும் நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு. கசந்தால் துப்பிவிடுங்கள். அப்படிப்பட்ட கிழங்கை மாட்டுக்கும் போடாதீர்கள். பூசணம் பிடித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்ற மாடுகளுக்கு நுரையீரல் கெட்டு மூச்சுத்திணறல் வருவது கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். கடன் வாங்கி வாங்கின மாடு. மீந்ததுதானே என்று போட்டுவிடக் கூடாது.

வாங்கியதும் கழுவாதீர்கள். காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் போட்டு வைத்தால் இன்னும் கொஞ்சம் இனிப்பு கூடும். பிரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிர் பட்டால் நடுப்பகுதி கெட்டிப்பட்டு வேகாமல் நிற்கும்.

தேவையானவை

(டம்ளர் என்றால் 200 மில்லி பிடிக்கிற டம்ளர். 12 துண்டு வரும்.)

சர்க்கரைவள்ளிக் கிழங்கு – 1 கிலோ
பொடித்த வெல்லம் – 150 கிராம்
தேங்காய் – 1 மூடி (கெட்டியான முதல் பால் அரை டம்ளர்)
ரவை – அரை டம்ளர்
நெய் அல்லது தேங்காய் எண்ணெய் – 2 மேசைக்கரண்டி
ஏலக்காய் – 4, சுக்குப்பொடி – 2 சிட்டிகை
உப்பு – 1 சிட்டிகை
முட்டை – 2 (விருப்பம் இருந்தால் மட்டும். போட்டால் தேங்காய்ப்பாலைப் பாதியாகக் குறைக்கவும்.)

செய்முறை

1. கிழங்கு சுடுதல். மண் போகக் கழுவித் துடையுங்கள். தோல் சீவ வேண்டாம். விறகு அடுப்பு இருந்தால், சமையல் முடிந்த பிறகு தணலை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சூடான சாம்பலில் கிழங்கைப் புதையுங்கள். தணல் நேராகக் கிழங்கில் படக் கூடாது. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் ஒரு தடவை புரட்டி விடுங்கள். ஈர்க்குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும்.

கேஸ் அடுப்புதான் என்றால், கனமான இரும்புச் சட்டியில் கிழங்கை அடுக்கி, தண்ணீர் இல்லாமல், மூடி போட்டு, சின்னத் தீயில் 45 நிமிடம் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பி விடுங்கள். நேரமே இல்லை என்றால் இட்லிப் பானையில் முழுசாக ஆவியில் வேகவைக்கலாம். ருசி சற்றுக் குறையும். ஆனால் தண்ணீரில் போட்டு அவிப்பதை விட நல்லது.

2. மசித்தல். கை பொறுக்கும் சூட்டில் தோலை உரித்து, நார் இருந்தால் எடுத்துவிட்டு, கட்டி இல்லாமல் மசியுங்கள். இப்போது ஒரு வாய் எடுத்துத் தின்று பாருங்கள். இந்த இடத்தில்தான் வெல்லத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். நல்ல இனிப்பாக இருந்தால் 100 கிராமே போதும்.

3. வெல்லம். கால் டம்ளர் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டுங்கள். பாகு காய்ச்ச வேண்டியதில்லை. கரைந்தால் போதும்.

4. கலத்தல். ரவையை வெறும் சட்டியில் வாசனை வர வறுத்து ஆறவிடுங்கள். மசித்த கிழங்கு, வெல்லத் தண்ணீர், தேங்காய்ப்பால், ரவை, நெய், ஏலக்காய், சுக்கு, உப்பு எல்லாவற்றையும் கலந்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். முட்டை போடுவதானால் கலவை நன்றாக ஆறின பிறகு அடித்து ஊற்றுங்கள். மாவு வடை மாவை விடத் தளர்வாகவும் இட்லி மாவை விடக் கெட்டியாகவும் இருக்க வேண்டும்.

5. மணல் அடுப்பு. அடி கனமான பழைய குண்டானை எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிக் காயவைத்த மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். மணல் இல்லாவிட்டால் கல் உப்பு போடலாம். மேலே ஒரு இரும்பு வளையம் வைத்து, மூடி போட்டு, நடுத்தரத் தீயில் 15 நிமிடம் காயவிடுங்கள்.

6. வேகவைத்தல். ஒரு அலுமினியத் தட்டில் நெய் தடவி மாவைப் பரப்புங்கள். உயரம் இரண்டு விரலுக்கு மேல் வேண்டாம். தட்டை வளையத்தின் மேல் வைத்து மூடுங்கள். தீயைக் குறைத்து 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வையுங்கள். அரை மணி நேரம் வரை மூடியைத் திறக்காதீர்கள். விறகு அடுப்பு உள்ளவர்கள் கடைசி 20 நிமிடம் இரும்பு மூடியின் மேல் நாலு துண்டு தணலைப் பரப்பி வைத்தால் மேல்பக்கமும் செந்நிறமாகச் சிவக்கும்.

7. கத்தி நுனியால் நடுவில் குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் வெந்தது. நன்றாக ஆறட்டும். ஆறாமல் வெட்டினால் உதிர்ந்துவிடும். பிறகு 12 துண்டாக வெட்டுங்கள்.

கேஸில் செய்தால் மேல்பக்கம் வெளுப்பாகத்தான் இருக்கும். அது குறையில்லை. சிவக்க வேண்டுமென்றால் துண்டுகளைத் தோசைக்கல்லில் கவிழ்த்து இரண்டு நிமிடம் வாட்டி எடுக்கலாம். ஓவன் உள்ளவர்கள் 180 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம் வைத்தால் போதும்.

ஜாக்கிரதை

குக்கரில் செய்கிறவர்கள் காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். தண்ணீர் இல்லாமல் விசில் வைத்துச் சூடாக்குவது ஆபத்து. தணலைக் கதவு மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கரிப்புகை கண்ணுக்குத் தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும். சுடு மணலைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கொட்டாதீர்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் உள்ளே கனகனவென்று இருக்கும்.

கடல் தாண்டிப் போன நம்மவர் ஊரில்

"கிழங்கில் கேக்கா? புதுசா இருக்கே" என்று சிலர் கேட்பீர்கள். புதுசு இல்லை. நம்ம ஊருக்கும் இதற்கும் ஒரு தூரத்து உறவு உண்டு.

சர்க்கரைவள்ளிக் கிழங்கின் பிறந்த வீடு அமெரிக்கக் கண்டம். போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து நம்ம நாட்டில் சேர்த்தார்கள். வந்த மருமகள் வீட்டுக்காரி ஆவது போல, இன்று அது இல்லாமல் நமக்குப் பொங்கல் குழம்பே இல்லை.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1848-ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அவர்கள் கையில் இருந்த ரீயூனியன் தீவில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். அங்கே நடந்த கொடுமைகளைக் காரணம் காட்டி 1882-ல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே தீமிதியும் காவடியும் எடுக்கிறார்கள்.

அந்தத் தீவில் வீட்டுக்கு வீடு செய்கிற ஒரு பலகாரத்தின் பெயர் 'கத்தோ பத்தாத்'. பிரெஞ்சில் கத்தோ என்றால் கேக், பத்தாத் என்றால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மசித்த கிழங்கில் சர்க்கரை, வெண்ணெய், முட்டை, வனிலா சேர்த்துச் சுடுவார்கள். கொஞ்சம் ரம் ஊற்றுவதும் உண்டு. நம்ம பாடத்தில் வெண்ணெய்க்குப் பதில் தேங்காய்ப்பால், வனிலாவுக்குப் பதில் ஏலக்காய். ரம் நமக்கு வேண்டாம். அதால் பட்டது போதும்!

மேலே தணல் வைக்கும் முறையும் புதுசு இல்லை. கோவாவில் பெபிங்கா என்ற பலகாரத்தை இப்படித்தான் மேலே நெருப்பு வைத்து அடுக்கடுக்காக வேகவைப்பார்கள். ஓவன் இல்லாத வீட்டுப் பெண்கள் எல்லா ஊரிலும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உள்ளே என்ன நிறம்?

நம்ம சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் தோல் சிவப்பு, உள்ளே வெள்ளை. இதில் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் உண்டு. ஆனால் வைட்டமின் ஏ சத்து ஏறக்குறைய இல்லை. உள்சதை ஆரஞ்சாக இருக்கும் கிழங்கில்தான், உடம்புக்குள் போய் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் இருக்கிறது. அது குறைந்தால்தான் மாலைக்கண் வருகிறது. 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுப்பது இதற்காகத்தான். கிழங்கு கொடுத்தோமே என்று அந்த மருந்தை நிறுத்தக் கூடாது.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஸ்ரீ கனகா, பூ சோனா என்ற ஆரஞ்சு ரகங்கள் அந்த நிறுவனம் உருவாக்கியவை. பூ சோனா 2017-ல் வெளியானது. அதில் 100 கிராமுக்குச் சுமார் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. இந்தச் சத்து உடம்பில் சேர எண்ணெய்ப் பசை வேண்டும். நம்ம செய்முறையில் தேங்காய்ப்பாலும் நெய்யும் அந்த வேலையையும் செய்கின்றன.

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், உகாண்டா போன்ற நாடுகளில் இந்த ஆரஞ்சுக் கிழங்கைக் குடும்பங்களிடம் கொண்டு சேர்த்தது உள்ளிட்ட பணிகளுக்காக 2016-ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு நால்வருக்குக் கிடைத்தது. மரியா அந்த்ராதே, ஜான் லோ என்ற இரண்டு பெண்களும், ராபர்ட் ம்வாங்கா, ஹோவார்த் போயிஸ் என்ற இரண்டு ஆண்களும். அங்கேயும் வீட்டுப் பக்கத்தில் கொடியை நட்டு, பிள்ளைக்கு வேகவைத்துக் கொடுத்தது தாய்மார்கள்தான்.

கொடி கிடைத்தால் நாமும் நடலாம். 20 முதல் 25 செ.மீ. நீளத்தில், மூன்று நாலு கணு உள்ள நுனிக்கொடியை வெட்டி, பார் அணைத்து நட வேண்டும். சுமார் நாலு மாதத்தில் தோண்டலாம். தைப் பொங்கலுக்குக் கிழங்கு வேண்டும் என்றால் புரட்டாசியில் நட வேண்டும். அடைமழையில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அதனால் பார் உயரமாக இருக்கட்டும். இளம் கொழுந்தைக் கீரையாகவும் பொரிக்கலாம். ஆரஞ்சு ரகக் கொடிக்குக் குரும்பாப்பட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் கிருஷி விக்யான் கேந்திராவில் குழுவாகப் போய் விசாரியுங்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"அக்கா, வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே? எவ்வளவு போட்டா என்ன?"

வெல்லமும் இனிப்புதான், கண்ணு. உடம்புக்குள் போனால் சர்க்கரை மாதிரிதான் வேலை செய்யும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 கிராம் வெல்லம் போட்டு 12 துண்டு வெட்டினால் ஒரு துண்டில் 25 கிராம். ஒரு பெரிய ஆள் ஒரு நாள் முழுதும் இந்த மாதிரிச் சேர்க்கும் இனிப்பை ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஒரு துண்டிலேயே அன்றைய கணக்கு முடிந்தது. 150 கிராம் போட்டால் துண்டுக்கு பன்னிரண்டரை கிராம். டீயில் போடும் சர்க்கரைக்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.

"எங்க வீட்டுக்காரருக்குச் சுகர் இருக்கு. குடுக்கலாமா?"

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'சர்க்கரைவள்ளி சுகருக்கு நல்லது' என்று பொதுவாகச் சொல்லுவதை நம்பி இந்தக் கேக்கைக் கொடுக்காதீர்கள். மெதுவாகச் சுடும்போது மாவுச்சத்து இனிப்பாக மாறுகிறது என்று மேலே படித்தோம் அல்லவா? அதனால் சுட்ட கிழங்கு ரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். தண்ணீரில் அவித்த கிழங்கு அவ்வளவு வேகமாக ஏற்றாது. நாக்குக்கு நல்லது ஒரு வழி, சுகர்காரருக்கு நல்லது இன்னொரு வழி. அவருக்கு ஒரு சின்னக் கிழங்கைத் தனியாக அவித்து, வெல்லம் இல்லாமல், கொஞ்சம் சுண்டலோடு கொடுங்கள். அன்று சோறு ஒரு கரண்டி குறையட்டும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிழங்கே சாப்பிட வேண்டாம்.

"கைப்பிள்ளைக்கு?"

6 மாதம் முடிந்த பிள்ளைக்குச் சுட்ட கிழங்கை உரித்து, நன்றாக மசித்து, தாய்ப்பாலோ ஆறிய தண்ணீரோ விட்டுக் குழைத்துக் கொடுக்கலாம். 2 வயது முடியும் வரை வெல்லம், சர்க்கரை சேர்க்க வேண்டாம். கிழங்கின் இனிப்பே போதும். இதிலும் சுடுவதுதான் உதவுகிறது.

"இது ஒண்ணே வயித்துக்குப் போதுமா?"

போதாது. கிழங்கில் புரதம் மிகக் குறைவு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு ஒரு துண்டோடு ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, அவித்த முட்டையோ, ஒரு டம்ளர் பாலோ கொடுத்தால் அது முழுச் சாப்பாடு ஆகும்.

"எத்தனை நாள் வெச்சிருக்கலாம்?"

தேங்காய்ப்பால் சேர்ந்திருப்பதால் வெளியே வைத்தால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம்.

பன்னிரண்டு துண்டும் பங்கும்

கடைசியாக ஒன்று. செய்முறையை விட இதுதான் முக்கியம்.

சரியாக வந்த முதல் தடவை எங்க வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 12 துண்டு வெட்டினேன். பிள்ளைகள் ரெண்டும் ஆளுக்கு மூணு. வீட்டுக்காரருக்கு மூணு. மாமியாருக்கு ஒண்ணு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ரெண்டு. கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டு. நான் தின்றது தட்டு ஓரத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டின வழிசல். "எப்படி இருந்துச்சு?" என்று மறுநாள் குழுவில் கேட்டார்கள். "நல்லா இருந்துச்சு" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

இது என் வீட்டுக் கதை மட்டுமா? சோறு, குழம்பு, மீன் துண்டு, எல்லாவற்றிலும் நாம் கடைசி. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம்ம நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. அதற்கு ஒரு துண்டுக் கேக் மருந்து ஆகாது. இரும்புச்சத்து மாத்திரையும் கீரையும் வேண்டும். ஆனால் கடைசியில் மிச்சம் இருந்தால் சாப்பிடுவோம் என்ற பழக்கம் இருக்கிறதே, அது கீரைக்கும் முட்டைக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது.

குழுவில் சேமிப்பு எப்படிப் போடுகிறோம்? செலவு போக மிஞ்சினால் போடுவோம் என்று இருந்திருந்தால் ஒரு ரூபாய் கூடச் சேர்ந்திருக்காது. முதலில் எடுத்து வைத்தோம், சேர்ந்தது. தட்டிலும் அதே கணக்குதான். வெட்டும்போதே எல்லாருக்கும் பங்கு பிரித்துவிடுங்கள். உங்க பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். யாராவது கேட்டால், "அது அம்மாவோடது" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். நான் இரண்டாவது தடவை அப்படித்தான் செய்தேன். சின்னவன் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீயும் தின்னுவியா?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் எனக்குப் பாடம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு

1. உங்க ஊர் விலையில் கிழங்கு, வெல்லம், தேங்காய், ரவை, நெய், எரிபொருள் ஆகியவற்றைக் கூட்டி 12-ஆல் வகுத்து, ஒரு துண்டு என்ன விலை ஆகிறது என்று நோட்டில் எழுதி வாருங்கள். பிள்ளைகள் கடையில் வாங்கும் பாக்கெட் தின்பண்டத்தின் விலையைப் பக்கத்தில் எழுதுங்கள்.

2. ஒரே கிழங்கில் பாதியைத் தண்ணீரில் அவித்தும், மறு பாதியைத் தோலோடு மெதுவாகச் சுட்டும் ருசி பாருங்கள். வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

3. ஆரஞ்சுக் கிழங்குக் கொடி யார் வீட்டிலாவது இருந்தால் நாலு கொடி வெட்டி எடுத்து வாருங்கள். பிரித்துக்கொள்வோம்.

4. 12 துண்டும் யார் யாருக்குப் போனது என்று எழுதி வாருங்கள். உங்க பெயர் அதில் இருக்க வேண்டும்.